'உங்கள் நண்பன்' பலகையும் டியூட்டி ரோஸ்டரும்

செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வரும் படம்தான். நடுவில் டி.எஸ்.பி., இரண்டு பக்கமும் இன்ஸ்பெக்டர்கள், முன்வரிசையில் வாலிபால் கோப்பையோடு ஊர் இளைஞர்கள், பின்னால் 'காவல்துறை – பொதுமக்கள் நல்லுறவு' என்று பேனர். சில வாரம் வாலிபாலுக்குப் பதில் கண் சிகிச்சை முகாம், சில வாரம் ஹெல்மெட் வழங்கும் விழா. நடத்துபவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கம்யூனிட்டி போலீசிங், அதாவது மக்களோடு சேர்ந்து செய்யும் சமூகக் காவல் என்றால் இதுதான் என்று துறையும் நம்பி, பத்திரிகையும் எழுதி, நாமும் தலையாட்டிவிட்டு நகரும்போது ஒரு எரிச்சல் மிஞ்சுகிறது. கோப்பை வாங்கிய இளைஞன் மறுவாரம் பைக்கைக் காணோம் என்று அதே நிலையத்துக்குப் போகிறான் என்று வையுங்கள். 'நல்லா தேடிப் பாருப்பா, ஃப்ரெண்டு யாராச்சும் எடுத்துட்டுப் போயிருப்பான், ரெண்டு நாள் கழிச்சு வா' என்று திருப்பி அனுப்பினால், போட்டி நடத்தியதால் நிலையத்துக்குள் மாறியது என்ன?

என் கட்சி இதுதான்: சமூகக் காவல் என்பது முதலில் ஆள் பங்கீட்டுப் பிரச்சினை. மாலை ஆறு மணிக்கு எந்தக் காவலர் எந்தத் தெருவில் இருக்கிறார், அங்கே அவராக எந்த முடிவை எடுக்கலாம், மாதக் கடைசி கிரைம் மீட்டிங்கில் அவருடைய இன்ஸ்பெக்டரிடம் எஸ்.பி. எதைக் கேட்கிறார். இந்த மூன்றும் மாறினால் காவலரின் வேலை மாறும். இல்லையென்றால் பேனர் மட்டும்தான் புதிது.

ராமநாதபுரமும் திருச்சியும்

தமிழ்நாட்டில் இந்த முயற்சிக்கு இரண்டு ஊற்றுகள். 1993-ல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பைத் தொடங்கினார். பிறகு அது மாநிலம் முழுக்கப் பரவியது. விருப்பமுள்ள பொதுமக்கள் தன்னார்வலர்களாகச் சேரலாம், இரவு ரோந்துக்குத் துணை போகலாம், திருவிழாக் கூட்டத்தையும் போக்குவரத்தையும் ஒழுங்கு செய்யலாம், தகவல் சொல்லலாம். நிலையத்துக்குள் வெளியாள் ஒருவர் புழங்கினாலே அங்கே நடப்பதில் கொஞ்சம் நிதானம் வரும் என்ற எண்ணமும் அதில் உண்டு.

1999-ல் திருச்சி மாநகர ஆணையராக வந்த ஜே.கே. திரிபாதி எதிர்முனையில் இருந்து ஆரம்பித்தார். மக்களை நிலையத்துக்குள் அழைப்பதைவிடக் காவலர்களைத் தெருவுக்கு அனுப்புவதில் அவர் திட்டம் நின்றது. நகரம் ஐம்பதுக்கும் மேற்பட்ட பீட்டுகளாக, அதாவது சில தெருக்கள் அடங்கிய ரோந்து எல்லைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் நான்கு காவலர்கள் பொறுப்பில். ஒரு தெருக்காரருக்குத் தன் பீட் காவலர் இன்னார் என்று தெரியும், சின்ன விஷயத்தை அவரிடமே சொல்லலாம். நிலையத்துக்கு வரத் தயங்குபவர்களுக்காக ஊருக்குள் புகார்ப் பெட்டிகள் வைக்கப்பட்டன. குற்றவாளிகளின் இடம் என்று முத்திரை குத்தப்பட்ட குடிசைப் பகுதிகளைக் காவல்துறை தத்தெடுத்துக்கொண்டது.

இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் முதல் திட்டம் மாற்றியது பொதுமக்களின் இடத்தை. காவலரின் வேலை இருந்தபடியே இருந்தது, கூட ஒரு கை கிடைத்தது, அவ்வளவுதான். இரண்டாவது திட்டம் கை வைத்தது காவலர் மேல். நம் அமைப்பில் இரண்டாம் நிலைக் காவலர் என்பவர் சொன்ன இடத்தில் நிற்பவர். புலன் விசாரணை அவர் கையில் இல்லை, முடிவு அவருடையது இல்லை, ரோல் காலில் பெயர் கூப்பிட்டதும் சொல்லப்படும் இடத்துக்குப் போக வேண்டும். அப்படிப்பட்டவரிடம் 'இந்த நாலு தெரு உன் பொறுப்பு, இங்கே நடப்பதை நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்' என்று ஆணையர் சொல்வது சாதாரண மாற்றமில்லை. அவர் சொல்லும் தகவலுக்கு விலை வருகிறது, தெருவில் பெயர் வருகிறது, கூடவே பயமும் வருகிறது: தன் பீட்டில் ஏதாவது நடந்தால் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது.

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது, அங்கே போலீசாரோடு தன்னார்வலர்களும் இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவர்கள் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் அமைப்பின் முறையான உறுப்பினர்களா, நிலையம் தானாகச் சேர்த்துக்கொண்டவர்களா என்று ஒரு தர்க்கமும் நடந்தது. ஜூலையில் மாநில அரசு ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸைத் தடை செய்தது. அப்போது மாநில டி.ஜி.பி. வேறு யாருமில்லை, திருச்சியில் பீட் முறையைக் கொண்டுவந்த அதே திரிபாதி.

இதை விதியின் விளையாட்டு என்று சொல்லிக் கடந்துபோகலாம். எனக்கு இதில் படுவது வேறு. ஊரடங்கு நேரத்தில் சோதனைச் சாவடிகளில் லத்தியோடு நின்றவர்களில் யார் காவலர், யார் தன்னார்வலர் என்று வண்டியில் வந்தவருக்குத் தெரியவில்லை. ஆள் பற்றாக்குறை உள்ள நிலையத்துக்குச் சம்பளமில்லாத இளைஞர்களைக் கொடுத்தால், அவர்கள் கண்காணிக்கும் கண்ணாக இருக்க மாட்டார்கள், மலிவான கையாகத்தான் ஆவார்கள். பயிற்சி இல்லை, துறை நடவடிக்கை எடுக்க அவர்கள் மேல் அதிகாரம் இல்லை, பெயர்ப்பட்டியல்கூடப் பல இடங்களில் சரியாக இருக்காது. காவலருக்குப் பதில் சொல்லும் கடமையாவது உண்டு. இவர்களுக்கு அதுவும் கிடையாது.

நாற்பத்தைந்து பேர் எங்கே போகிறார்கள்

சரி, திருச்சி வழியில் போகலாம் என்றால் முதலில் முட்டும் இடம் டியூட்டி ரோஸ்டர், அதாவது யாருக்கு எங்கே வேலை என்று எழுதும் பட்டியல். நடுத்தரமான ஒரு நகர நிலையத்தைக் கற்பனை செய்து கணக்குப் போடுவோம். வருகைப் பதிவில் 45 பேர். நீண்ட விடுப்பு, பயிற்சி, வேறு அலுவலகத்துக்கு மாற்றுப் பணி என்று 6 பேரைக் கழியுங்கள்: 39. வார ஓய்வுக்கு 2021-ல் அரசாணையே வந்திருக்கிறது. ஒழுங்காகக் கொடுத்தால் தினம் 5 பேர்: 34. பாரா, அதாவது நிலைய வாசல் காவல், மூன்று ஷிஃப்டுக்கு 3. எழுத்தர், கணினி, வரவேற்பு மேசை சேர்த்து 4. கோர்ட் டியூட்டி 3. சம்மன், பிடியாணை, தபால் 3. உளவுத் தகவல் சேகரிக்கும் தனிப்பிரிவு 1. ஓட்டுநர்கள் 2. கிரைம் டீம் 4. மிச்சம் 14. இரவு ரோந்துக்கு 4 பேர் போனால், முந்தைய இரவு பார்த்த 4 பேர் பகலில் தூங்க வேண்டும். ஆக, கையில் இருப்பது 6.

அந்த ஆறு பேரைத்தான் பந்தோபஸ்து விழுங்கும். அமைச்சர் வருகை, கோயில் குடமுழுக்கு, ஆர்ப்பாட்டம், கிரிக்கெட் மேட்ச், தேர்வுத்தாள் வண்டிக்குக் காவல். பீட் என்று காகிதத்தில் எழுதியிருக்கும். தெருவில் ஆள் இருக்காது. இரவில் ஏ.டி.எம். வாசலிலும் கோயில் சுவரிலும் தொங்கும் பட்டா புத்தகத்தில், அதாவது ரோந்து வந்ததற்கான பதிவேட்டில், கையெழுத்து மட்டும் வரிசையாக இருக்கும். இப்போது அதற்குப் பதில் சில இடங்களில் க்யூஆர் கோடு ஒட்டி செல்போனில் ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள். ஆள் அங்கே வந்தார் என்பதற்கு அது நல்ல சாட்சி. வந்தவர் யாரிடமாவது பேசினாரா என்று அது சொல்லாது.

அமெரிக்காவில் சிகாகோ நகரம் 1993-ல் இதே முட்டுச்சந்தில்தான் நின்றது. அங்கே பந்தோபஸ்துக்குப் பதில் 911 அழைப்புகள். பீட் காவலரை எந்த அழைப்பு வந்தாலும் எங்கேயும் அனுப்பிக்கொண்டிருந்தால் அவர் பீட்டில் எப்படி இருப்பார்? ஐந்து மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கியபோதே கட்டுப்பாட்டு அறைக்கு விதியை மாற்றினார்கள்: அவசர ஓட்டத்துக்குத் தனி வண்டிகள், பீட் வண்டி முடிந்தவரை தன் எல்லைக்குள்ளேயே. பின்னர் நகரத்தின் 279 பீட்டுகளுக்கும் இதுதான் முறையானது. இன்னொன்றும் செய்தார்கள். பீட் கூட்டங்களில் மக்கள் கேட்பது குற்றத்தைப் பற்றி மட்டும் இருக்காது. எரியாத தெருவிளக்கு, கைவிட்ட கார், பூட்டிக் கிடக்கும் வீடு என்றும் இருக்கும். அதைக் காவலர் ஒரு படிவத்தில் எழுதினால் மாநகராட்சி முன்னுரிமை தர வேண்டும் என்று மேயர் அலுவலகம் கட்டிப்போட்டது. நம் ஊரில் பீட் காவலர் தெருவிளக்கு எரியவில்லை என்று சொன்னால் வார்டு அலுவலகத்தில் யார் கேட்பார்கள்? இரண்டு கூட்டம் வரை மக்கள் சொல்வார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு வர மாட்டார்கள். 'அவரால என்னங்க ஆகும், பாவம்' என்பது காவலருக்கு மரியாதை இல்லை.

ஐந்நூறு வீடும் எட்டு வீடும்

கேரளத்தின் ஜனமைத்ரி சுரக்ஷா திட்டம் 2008-ல் 20 நிலையங்களில் தொடங்கியது. நீதிபதி கே.டி. தாமஸ் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரை அதற்குப் பின்னணி. இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் கஞ்சத்தனமான அளவு. ஒரு பீட் என்றால் சுமார் 500 வீடு அல்லது 3 சதுர கிலோமீட்டர். அந்த எல்லையில் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவரையாவது பீட் அதிகாரி நேரில் அறிந்திருக்க வேண்டும்.

500 வீடு என்றால் மலைப்பாகத் தோன்றும். மூன்று மாதத்தில் ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். விடுமுறை, ஓய்வு, தவிர்க்க முடியாத பந்தோபஸ்து எல்லாம் போக அறுபத்தைந்து வேலை நாள் கிடைக்கும். தினம் எட்டு வீடு. ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம், நடைக்கு அரை மணி நேரம் சேர்த்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். எனவே முழுநேர பீட் காவலர்கள் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாராவும் இரவு ரோந்தும் பார்ப்பவர்களுக்கே ஆளுக்கொரு பீட் கொடுத்து, வாரத்தில் ஐந்து நாள் மாலை இரண்டு மணி நேரத்தை அதற்கென்று ரோஸ்டரில் எழுதிவிடலாம். எழுதுவது முக்கியம். எழுதாத நேரம் எழுத்தர் கண்ணில் 'சும்மா இருக்கும் ஆள்' என்றுதான் படும்.

வீட்டு வாசலில் செய்ய வேண்டியதும் சாதாரண விஷயமில்லை. ஒரு தெருவில் ஒரு வீட்டுக்கு மட்டும் போலீஸ் போனால் அந்த வீட்டுக்காரருக்கு அன்றைக்கே கெட்ட பெயர். 'அவங்க வீட்டுக்குப் போலீஸ் வந்துச்சாமே' என்று எதிர்வீடு ஆரம்பிக்கும். ஆகவே முதல் சுற்றில் வரிசையாக, ஒரு வீடு விடாமல் போக வேண்டும். ஜீப் வேண்டாம், நடந்தோ பைக்கிலோ போகலாம். பெண்கள் தனியாக இருக்கும் நேரத்தில் பெண் காவலர் இல்லாமல் போகக் கூடாது. உள்ளே கூப்பிட்டாலும் திண்ணையோடு நிற்பது நல்லது. நோட்டைத் திறந்துகொண்டு ஆதார் எண், குடும்ப வருமானம் என்று கேட்க ஆரம்பித்தால் காரியம் அன்றோடு முடிந்தது. அது கணக்கெடுப்பாகிவிடும், கெட்டிக்கார வீட்டுக்காரர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார். பெயர், நிலைய எண், தன் எண் எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டு 'இந்தத் தெருவுல ராத்திரி எந்த இடம் பயமா இருக்கு?' என்று ஒரே கேள்வி கேட்டால் போதும். பதிலில் மூன்று பேர் ஒரே சந்தின் பெயரைச் சொன்னால் அடுத்த வாரம் ரோந்தின் பாதையை அந்தச் சந்து வழியாகத் திருப்ப வேண்டும். திருப்பிவிட்டு, சொன்ன மூன்று பேரிடமும் போய்த் திருப்பியதைச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் எப்போதும் விட்டுப்போகிறது.

கொடுக்கும் எண் காவலரின் சொந்த எண்ணாக இருந்தால் அவர் மாறியதும் பீட் செத்துப்போகும். எண் பதவிக்கு உரியதாக இருக்க வேண்டும், மாறும்போது கைமாற வேண்டும். அதைவிட முக்கியம், பழையவரும் புதியவரும் ஒரு வாரமாவது சேர்ந்து நடப்பது. தெருக்கோடி மளிகைக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோரும் மதிக்கும் மூத்தவர், பையன் போதையில் அடிப்பதை வெளியே சொல்லாத அம்மா என்று பீட் புத்தகத்தில் எழுத முடியாத தகவல்கள்தான் பாதி.

மோசடியும் வரும். 'மாதம் இத்தனை வீடு' என்று இலக்கு வைத்தவுடன் டீக்கடையில் உட்கார்ந்து கதவு எண்களை வரிசையாக எழுதிவிடுவார்கள். இதற்கு மருந்து எளிது: இன்ஸ்பெக்டர் வாரம் ஒருமுறை பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வீட்டைத் தொட்டு, போனில் கேட்க வேண்டும். ஆனால் வந்தாரா என்று கேட்டால் பிரயோஜனம் இல்லை, பெரும்பாலும் 'வந்தாரு சார்' என்றுதான் பதில் வரும். அவர் பெயர் என்ன என்று கேட்க வேண்டும்.

நடந்துபோவதில் என்ன இருக்கிறது, ஜீப்பில் சுற்றினால் போதாதா என்பவர்களுக்கு இரண்டு பழைய அமெரிக்கச் சோதனைகளைச் சொல்லலாம். கன்சாஸ் சிட்டியில் 1972–73-ல் கார் ரோந்தைச் சில பகுதிகளில் பெருக்கியும் சில பகுதிகளில் நிறுத்தியும் பார்த்தார்கள். குற்றத்தில் வித்தியாசம் இல்லை. மக்கள் பெரும்பாலும் மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை. நியூவார்க்கில் 1978–79-ல் நடந்து செல்லும் ரோந்தைச் சோதித்தபோது, குற்றம் குறையாவிட்டாலும் மக்கள் அதை உடனே கவனித்தார்கள், பயம் குறைந்தது. சமூகக் காவல் குற்றத்தைக் குறைக்கும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது முடிவை முழுதாகப் படிப்பது நல்லது.

குழுவில் யார், எதைப் பேசுவது

பீட்டுக்கு அடுத்தது குழு. இங்கேதான் பெரிய பள்ளம். இன்ஸ்பெக்டர் ஒருவர் அவசரமாகக் குழு அமைத்தால் யார் வருவார்கள் என்பதை எவரும் யூகிக்கலாம்: வியாபாரிகள் சங்கத் தலைவர், நகைக்கடைக்காரர், பள்ளித் தாளாளர், ஆளுங்கட்சி வட்டச் செயலாளர், ஓய்வுபெற்ற அதிகாரி. இவர்கள் எல்லோரும் ஏற்கெனவே இன்ஸ்பெக்டருக்கு நேரடியாகப் போன் செய்யக்கூடியவர்கள். கேரள வழிகாட்டுதல் கட்சிப் பொறுப்பாளர்களையும் குற்ற வழக்கில் தொடர்புடையவர்களையும் தவிர்க்கச் சொல்கிறது. நல்லதுதான், ஆனால் தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு அது போதாது. ஊரும் காலனியும் தனித்தனியாக இருக்கும் இடத்தில் ஊர்ப் பெரியவர்களை மட்டும் வைத்துக் குழு போட்டால், போலீஸ் முத்திரையோடு பழைய ஊர்க்கட்டுப்பாடு திரும்பி வரும். கூட்டம் எங்கே நடக்கிறது என்பதும் கேள்வி. கோயில் மண்டபத்தில் நடந்தால் சிலர் வாசலைத் தாண்ட மாட்டார்கள். அரசுப் பள்ளிக்கூடத்திலோ ரேஷன் கடை முன்னாலோ நடத்தலாம், ஒரு மாதம் ஊரில், ஒரு மாதம் காலனியில்.

பீட் காவலர் எதைப் பேசித் தீர்க்கலாம் என்று எழுதிக் கொடுக்காமல் அனுப்பினால் அது கட்டப்பஞ்சாயத்தில் போய் முடியும். வண்டி நிறுத்தத் தகராறு, ஸ்பீக்கர் சத்தம், சாக்கடைத் தண்ணீர், குழாயடிச் சண்டை, சரி. நிலத் தகராறில் தலையிடக் கூடாது, சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்ல வேண்டும். குடும்ப வன்முறை, போக்சோ, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், இவற்றில் சமரசம் என்ற பேச்சே கிடையாது; காவலரின் வேலை புகாரை அன்றே நிலையத்துக்குக் கொண்டுசேர்ப்பது மட்டும். 'ரெண்டு பக்கமும் பேசி முடிச்சுட்டேன் சார்' என்று ஒரு காவலர் பெருமையாகச் சொன்னால், நல்ல இன்ஸ்பெக்டர் முதலில் கேட்க வேண்டியது அது எந்தப் பிரிவில் வரும் என்பதைத்தான்.

ராஜஸ்தான் சொன்னது

இந்த விஷயத்தில் கருத்து என்ற அளவில் இருந்த பலவற்றைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ராஜஸ்தான் காவல்துறையோடு சேர்ந்து 11 மாவட்டங்களில் 162 நிலையங்களில் செய்தது. ஆய்வுக் குழுவில் அம்மாநில போலீஸ் உயர் அதிகாரி ஒருவரும் இருந்தார். சீட்டுக் குலுக்கிய மாதிரி நிலையங்களைப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வகை நிலையத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் தினம் சில மணி நேரம் பார்வையாளராக உட்காருவார். ஒரு வகையில் வார ஓய்வும் சுழற்சி முறை டியூட்டியும். ஒரு வகையில் நிர்வாகக் காரணம் சொல்லி இடமாற்றம் செய்வதை நிறுத்திவைத்தல். ஒரு வகையில் புலன் விசாரணையிலும் மக்களிடம் பேசும் முறையிலும் பயிற்சி. நிலையம் எப்படி நடந்துகொள்கிறது என்று அளக்க, கற்பனைத் திருட்டுப் புகாரோடு பொய்ப் புகார்தாரர்களை அனுப்பினார்கள். புகார் பதிவாகப்போகும் கட்டத்தில் அவர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

பெயரளவில் சமூகக் காவலுக்கு மிக நெருக்கமானது அந்தப் பார்வையாளர் திட்டம்தான். அதில் பலன் ஒன்றும் தெரியவில்லை. வார ஓய்வும் சுழற்சியும் ஆரம்பத்தில் நடந்து பிறகு நீர்த்துப்போயின. பலன் தெரிந்தது பயிற்சியிலும் இடமாற்ற நிறுத்தத்திலும். பொய்ப் புகார்தாரர்களால் ஒரு பக்கப் பலன் வேறு கிடைத்தது: வருகிறவர் யாராகவும் இருக்கலாம் என்று ஆனதும் பதிவு செய்யும் போக்கே கூடியது.

பார்வையாளர் திட்டமும் வார ஓய்வும் ஏன் தோற்றன? இரண்டும் நிலைய அதிகாரியின் கையைக் கட்டுபவை. யாருக்கு என்ன டியூட்டி, யாருக்கு விடுப்பு என்பதுதான் அவருடைய உண்மையான அதிகாரம். அதை மேலிடத்து உத்தரவு பிடுங்கினால் அவர் எதிர்க்க மாட்டார், ஒத்திப்போடுவார். 'இந்த வாரம் பந்தோபஸ்து இருக்கு, அடுத்த வாரம் பார்ப்போம்' என்பதற்கு எந்த எஸ்.பி.யும் மெமோ கொடுக்க முடியாது. பயிற்சியும் இடமாற்ற நிறுத்தமும் அவர் சம்மதத்தை எதிர்பார்க்கவில்லை, அவர் அதிகாரத்தையும் குறைக்கவில்லை. உட்கார வைத்த பார்வையாளருக்கோ நிலையத்தில் செய்ய வேலையே இல்லை. எழுத்தர் டீ வாங்கிக் கொடுத்திருப்பார்.

இதைப் படித்த பிறகு ராமநாதபுரம், திருச்சி இரண்டையும் பார்க்கும் கண்ணே மாறிவிடுகிறது. திருச்சியில் ஆணையரே திட்டத்தின் சொந்தக்காரர். இன்ஸ்பெக்டர்கள் ஒத்திப்போட முடியவில்லை. 2001-ல் அவர் இடம் மாறினார். அதன் பிறகு எந்த நல்ல திட்டத்துக்கும் நேரும் கதி என்ன என்று தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. எஸ்.பி., நிலைய அதிகாரி ஆகியோருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு பதவிக்காலம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பிரகாஷ் சிங் வழக்கில் 2006-லேயே சொல்லிவிட்டது. சமூகக் காவலுக்கான உத்தரவு என்று அதை யாரும் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் நாட்டில் வெளிவந்த சமூகக் காவல் உத்தரவுகளில் முதன்மையானது அதுதான்.

பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா என்று ஆறு நாடுகளில் ஒரே நேரத்தில் நடந்த சோதனையின் முடிவு 2021-ல் வந்தது. கூட்டங்கள் நடந்தன, ரோந்து நடந்தது. மக்களின் நம்பிக்கையும் கூடவில்லை, குற்றமும் குறையவில்லை. ஆய்வாளர்கள் சுட்டிய காரணங்கள் நமக்குப் பழகியவை: தலைமைக்கு ஈடுபாடு நீடிக்கவில்லை, அதிகாரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், மக்கள் சொன்ன குறையைத் தீர்க்க நிலையத்திடம் ஆளும் பணமும் இல்லை. இதைக் காட்டி 'சமூகக் காவல் தோற்றது' என்று எழுதியவர்கள் உண்டு. பழைய ரோஸ்டர் மேலே புதிய கூட்டங்களை ஏற்றினால் தாங்காது என்பதைத்தான் அது காட்டுகிறது என்பேன்.

கிரைம் மீட்டிங்கில் என்ன கேட்கிறார்கள்

மாதக் கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் முன்னால் இருக்கும் தாளில் உள்ள கட்டங்கள் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பதிவான வழக்கு, கண்டுபிடித்தவை, மீட்ட சொத்து, நிலுவைப் பிடியாணை, மோட்டார் வாகன வழக்கு, பெட்டி கேஸ் எனும் சில்லறை வழக்கு, நன்னடத்தைப் பிணை எத்தனை. போன மாதத்தைவிடத் திருட்டு வழக்கு கூடினால் இன்ஸ்பெக்டர் எழுந்து நிற்க வேண்டும்.

இப்போது ஒரு பீட் காவலர் ஒழுங்காக வேலை செய்கிறார் என்று வையுங்கள். ஆறு மாதத்தில் தெரு அவரை நம்ப ஆரம்பிக்கிறது. முன்பு செயின் பறிபோனால் 'போலீஸுக்குப் போயி என்ன ஆகப்போகுது' என்று இருந்த பெண் இப்போது புகார் கொடுக்கிறார். வழக்குப் பதியாமல், புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்பி அனுப்பினால் காவலர் முகத்தில் விழிக்க முடியாது, எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். நிலையத்தின் வழக்கு எண்ணிக்கை ஏறுகிறது. கூட்டத்தில் அது தோல்வியாகப் படுகிறது. மத்தியப் பிரதேசத்தில் 180 நிலையங்களை வைத்து நடந்த பெண்கள் உதவி மேசை ஆய்வு 2022-ல் வெளிவந்தது; மேசை வைத்த நிலையங்களில் பெண்களின் புகார்கள் வழக்காகப் பதிவாவது கூடியது, குறிப்பாகப் பெண் போலீசார் அங்கே இருந்தபோது. அதை அந்த நிலையங்களின் சாதனையாக எடுத்துக்கொண்டார்கள். நம் பழைய தாளில் அதே எண்களை நிரப்பினால் அந்த இன்ஸ்பெக்டர்களுக்கு மெமோ போயிருக்கும்.

பெட்டி கேஸ் இலக்கு இன்னொரு விஷம். மாதம் இத்தனை வேண்டும் என்று சொன்னால், காவலர் எளிதான இடத்தில்தான் பிடிப்பார்: தள்ளுவண்டிக்காரர், டாஸ்மாக் வாசலில் நிற்பவர், லைசென்ஸ் மறந்த பையன். அவர் காலையில் நம்பிக்கை சம்பாதிக்க நடந்த தெருவில், மாலையில் வழக்கு எண்ணிக்கைக்காக நிற்க வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் தெரு இரண்டாவதைத்தான் நினைவு வைத்துக்கொள்ளும். பீட் காவலர்களுக்கு எண்ணிக்கை இலக்கு கிடையாது என்று எஸ்.பி. எழுத்தில் கொடுக்காத வரை மற்ற எல்லாம் அலங்காரம்.

மாற்றாக எதைக் கேட்கலாம்? பீட்டில் போன மாதம் மக்கள் சொன்னது என்ன, அதில் நிலையம் செய்தது என்ன, செய்ததைச் சொன்னவரிடம் திருப்பிச் சொன்னாயா என்று மூன்று கட்டம் போதும். திருட்டு வழக்கு கூடியிருந்தால், அதில் எத்தனை பீட் காவலர் வழியாக வந்தது என்று நான்காவது கட்டம். புகார் கொடுத்தவர்களில் பத்துப் பேருக்கு டி.எஸ்.பி. அலுவலகத்தில் இருந்து போன் போட்டால் மிச்சம் தெரிந்துவிடும். வெகுமதிப் பட்டியல் அனுப்பும்போது, குற்றவாளியைப் பிடித்தவருக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு, அந்தத் தகவலை வாங்கிவந்த பீட் காவலருக்கும் போக வேண்டும். இப்போது கிரைம் டீம் பெயர்கள் மட்டும்தான் அதில் ஏறுகின்றன.

இதெல்லாம் செய்தாலும் ஆவணியில் விநாயகர் சிலை ஊர்வலம் வரும். பீட் காவலர்களைப் பந்தோபஸ்துக்கு எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்ட மாவட்டம் அந்த வாரத்தில் பக்கத்து மாவட்டத்துக்கு எத்தனை பேரை அனுப்புகிறது, அதில் பீட் காவலர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் அந்த உத்தரவின் ஆயுள் தெரிந்துவிடும். ரோஸ்டரில் அந்தப் பத்து நாளுக்கான பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள்.